டிப்ளாய் சரியாகப் போனதா என்று எஸ்கியூஎல்லிடம் கேட்பது எப்படி?

பிப்ரவரி 6, மாலை 6.40 (வாசகர் கேள்வி)

எங்களிடம் தனியாகக் கண்காணிப்புக் கருவி எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இருக்கிறது. ரிக்வெஸ்ட் (தளத்துக்கு வரும் கோரிக்கை) பதிவுகள் எல்லாம் அதிலேயே ஒரு டேபிளில் விழுகின்றன. டிப்ளாய் (நிரலின் புதிய பதிப்பை சர்வர்களில் ஏற்றுவது) முடிந்ததும் கடைசி 15 நிமிடத்தில் 500 வகைப் பிழைகள் (சர்வர் பக்கத் தவறுகள்) எந்தெந்தப் பக்கத்தில் எத்தனை என்று எஸ்கியூஎல்லில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியில், ஒரு கொயரி (கேள்வி) ஓட்டுகிறோம். ஒரு வரியும் வராவிட்டால் நல்லபடியாகப் போனது என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு சிறிய குழுவுக்கு இது போதும் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு 10.20 (பதில்)

பாதி ஒப்புக்கொள்கிறேன். கருவி எதுவும் வாங்காமல் எஸ்கியூஎல்லை வைத்தே டிப்ளாயைக் கவனிக்க முடியும். பல ஆண்டுகளாக நான் அப்படித்தான் செய்கிறேன். "ஒரு வரியும் வராவிட்டால் நல்லது" என்ற இடத்தில்தான் உடன்பட முடியவில்லை.

முன்பு வேலை பார்த்த இடத்தில் அச்சு அசலாக இதே கொயரிதான் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை டிப்ளாய். ஓட்டினோம், ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓட்டினோம், அப்போதும் ஒன்றும் வரவில்லை. நிம்மதியாகக் கிளம்பிவிட்டோம். இரவில் அழைப்பு வந்தது: யாராலும் உள்நுழைய முடியவில்லை. புதிய பதிப்பில் தரவுத்தளக் கடவுச்சொல்லைப் படிக்கும் இடம் மாறியிருந்தது. ரிக்வெஸ்ட் பதிவுகளை டேபிளில் எழுதுகிற துணை நிரலுக்கு அந்த மாற்றம் போய்ச் சேரவில்லை. அது எழுவதும் விழுவதுமாக இருந்தது. பிழைகள் மளமளவென்று நடந்துகொண்டிருந்தன, எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை. எங்கள் கொயரி பொய் சொல்லவில்லை. "பிழை இல்லை", "தகவல் இல்லை" என்ற இரண்டுக்கும் ஒரே பதிலைத் தரும்படி நாங்கள் அதை எழுதியிருந்தோம்.

அதனால் உங்கள் கொயரியில் முதலில் மாற்ற வேண்டியது இதுதான்: என்ன நடந்தாலும் ஒரு வரி வர வேண்டும். அந்த வரியில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். மொத்த ரிக்வெஸ்ட் எத்தனை, அதில் பிழை எத்தனை, கடைசிப் பதிவு எத்தனை மணிக்கு வந்தது. குரூப் பை (பிரிவு பிரிவாகத் தொகுப்பது) போடாமல் கவுன்ட் (எண்ணிக்கை) கேட்டால், பொருந்தும் பதிவு ஒன்றுமே இல்லாவிட்டாலும் பூஜ்ஜியத்தோடு ஒரு வரி கட்டாயம் வரும். பக்கவாரியாகப் பிரிக்க குரூப் பை சேர்த்த நிமிடமே அந்த உத்தரவாதம் போய்விடும். பக்கவாரிக் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இரண்டாவது கொயரியாக இருக்கட்டும்.

பிப்ரவரி 6, இரவு 10.55

விட்டுப்போன ஒன்று. பிழை விகிதம் கணக்கிடும்போது மொத்தம் பூஜ்ஜியமாக இருந்தால் வகுத்தல் பிழை வந்து கொயரியே நின்றுவிடும். நல்லிஃப் போட்டு அந்தப் பூஜ்ஜியத்தை நல் (மதிப்பே இல்லாத வெற்றிடம்) ஆக்கினால் நிற்காது, விடையும் நல் என்றே வரும். அதோடு விட்டுவிடுங்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கோயலெஸ் போட்டு அந்த நல்லை 0 ஆக்கிவிடாதீர்கள். நல் என்றால் "தெரியவில்லை". 0 என்றால் "பிழை இல்லை". தெரியாததைத் தெரிந்ததாக மாற்றிக்காட்டும் அந்த ஒரு சொல்லை எத்தனையோ டாஷ்போர்டுகளில் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, காலை 7.30

"கடைசி 15 நிமிடம்" என்று ஏன் கணக்கு வைக்கிறீர்கள்? டிப்ளாய் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது என்பதால்தானே? அப்படியானால் அதைத் தெரியப்படுத்துங்கள். டிப்ளாய்களுக்கு என்று ஒரு டேபிள். எந்தச் சேவை, எந்தப் பதிப்பு, யார் தொடங்கினார், தொடங்கிய நேரம், முடிந்த நேரம். டிப்ளாய் ஸ்கிரிப்ட்டின் முதல் வேலை அதில் ஒரு வரி சேர்ப்பது, கடைசி வேலை முடிந்த நேரத்தை நிரப்புவது. முடிந்த நேரம் நிரப்பப்படாமல் நல் என்றே கிடந்தால் ஸ்கிரிப்ட் நடுவில் செத்துவிட்டது என்று பொருள். இதை வைத்து மட்டுமே இரண்டு முறை, பாதியில் நின்றுபோன டிப்ளாய்களைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

ரோல்பேக் (முந்தைய பதிப்புக்கே திரும்புவது) செய்தால் பழைய வரியைத் திருத்தாதீர்கள். அதுவும் ஒரு டிப்ளாய்தான், புது வரி போடுங்கள். மூன்று மாதம் கழித்து "எத்தனை டிப்ளாய்க்கு ஒரு ரோல்பேக்" என்று கேட்கும்போது இந்த ஒழுக்கத்தின் அருமை தெரியும்.

கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) டேக் (பதிப்புக்கு இடும் பெயர்) இருக்கிறதே, தனி டேபிள் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். கமிட் செய்த (மாற்றத்தைக் கிட்டில் பதிந்த) நேரம் வேறு, சர்வருக்குப் போன நேரம் வேறு. செவ்வாய் செய்த கமிட் வியாழன் மதியம் போகலாம். பிழைகள் கூடியது வியாழன் மதியம் என்றால் கிட்டிடம் கேட்டு என்ன பயன்? நேரத்தை வைத்து ஜாயின் செய்ய (பிழைப் பதிவுகளோடு இணைத்துப் பார்க்க) ஒரு டேபிள் வேண்டும்.

பிப்ரவரி 7, இரவு 9.10

காலையில் எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. டிப்ளாய் டேபிள் சொல்வது ஸ்கிரிப்ட் என்ன செய்ததாக நினைக்கிறது என்பதை. சர்வரில் உண்மையில் எது ஓடுகிறது என்பது வேறு கேள்வி.

இந்த வேறுபாட்டுக்கு மிகப் பெரிய விலை கொடுத்தது நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புதிய நிரல் போயிருந்தது, ஒன்றுக்குப் போகவில்லை. பல ஆண்டுகளாகப் பயன்படாத ஒரு பழைய பகுதியை இயக்கிய அதே கொடியை (நிரலுக்குள் இருக்கும் சுவிட்ச் போன்றது) புதிய பதிப்பு வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. எட்டாவது சர்வரில் அந்தப் பழைய பகுதி உயிர்பெற்றுவிட்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று. என்ன நடக்கிறது என்று புரியாமல், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்தார்கள். அவையும் எட்டாவதைப் போலவே நடக்கத் தொடங்கின. சந்தை திறக்கும் முன்பே உள்ளுக்குள் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் போயிருந்தன என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் 2013 உத்தரவில் இருக்கிறது. எச்சரிக்கை என்று யாரும் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

"எந்த சர்வரில் எந்தப் பதிப்பு" என்ற ஒரே கேள்விக்கு அன்று காலை விடை இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அது நாலே சொல் கொண்ட கொயரி.

சரி, நாம் செய்யக்கூடியது: செயலி எழும்போதே தன் சர்வர் பெயர், பதிப்பு, எழுந்த நேரம் மூன்றையும் ஒரு டேபிளில் தானே எழுதட்டும். ஸ்கிரிப்ட் எழுதக் கூடாது, செயலிதான் எழுத வேண்டும். அப்புறம், இருக்க வேண்டிய சர்வர்களின் பட்டியல் தனி டேபிளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எழவே எழாத சர்வர் எந்தக் கணக்கிலும் வராது.

பிப்ரவரி 8, காலை 8.05

மேலே சொன்னதைத் திருத்துகிறேன். கீழே ஒருவர் காட்டியது சரி: புதிய செயலி எழுந்து, தன் வரியை எழுதி, உடனே விழுந்து, பழையதே தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது எழுந்த பதிவு மட்டும் புதிய பதிப்பைக் காட்டும். ஆகவே ரிக்வெஸ்ட் பதிவின் ஒவ்வொரு வரியிலும் பதிப்பு ஒரு புலமாக (டேபிளின் நெடுவரிசையாக) இருக்கட்டும். யார் பதில் சொன்னார்களோ அவர்களின் பதிப்பு. கமிட் எண்ணின் முதல் சில எழுத்துகள் போதும், இடம் ஒன்றும் பெரிதாகப் போகாது. எழுந்த பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி எழுந்து எழுந்து விழுவதைக் கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

பிப்ரவரி 8, மதியம் 1.15

பதிப்புப் புலம் வந்த பிறகு இன்னொரு நல்லது நடக்கும். இதுவரை எல்லோரும் செய்வது "டிப்ளாய்க்கு முன் 30 நிமிடம், பின் 30 நிமிடம்" என்ற ஒப்பீடு. இதில் எனக்கு நெடுநாளாக உறுத்தல். முன்னும் பின்னும் ஒரே கூட்டம் அல்ல. மதிய வேளையில் கூட்டம் மாறும், ஏதாவது செய்தி போனால் மாறும். அந்த மாற்றம் எல்லாம் டிப்ளாயின் தலையில் விழும், அல்லது டிப்ளாயின் தவற்றை மறைக்கும்.

சர்வர்களை ஒவ்வொன்றாக மாற்றுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: சில நிமிடங்கள் பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஓடும். அந்த நிமிடங்களில் பதிப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே கூட்டம், ஒரே தரவுத்தளம், ஒரே நேரம். இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைக்காது. நான் இப்போது அந்த இடைவெளியை வேண்டுமென்றே 10 நிமிடம் நீட்டி வைக்கிறேன்.

சராசரி நேரம் வேண்டாம். நூறில் ஐந்து பேருக்கு மட்டும் 8 விநாடி ஆகிறது என்பது சராசரியில் தெரியாமல் போகலாம். எத்தனை சதவீதம் பேருக்கு எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தது என்று சொல்லும் பர்சென்டைல்_கான்ட் போஸ்ட்கிரெஸில் 9.4 முதலே இருக்கிறது. 0.5, 0.95 இரண்டையும் கேளுங்கள்.

பிப்ரவரி 8, மாலை 4.00

ஹெல்த் செக் பற்றிச் சொல்ல மறந்தேன், இது முக்கியம். லோட் பேலன்சர் (ரிக்வெஸ்ட்களை சர்வர்களுக்குப் பகிர்ந்து அனுப்புவது) ஒவ்வொரு சர்வரையும் 5 விநாடிக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறாயா" என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 சர்வர், 15 நிமிடம்: 720 ரிக்வெஸ்ட், எல்லாமே 200 (அதாவது "சரி" என்ற பதில்). அதே நேரத்தில் மனிதர்களிடமிருந்து வந்தவை 80, அதில் 20 பிழை. உண்மையில் நாலில் ஒருவருக்குப் பிழை. கொயரியோ 800க்கு 20, அதாவது 2.5 சதவீதம் என்று சொல்லும். இரவில் கூட்டம் குறைவாக இருக்கும்போது டிப்ளாய் செய்கிறவர்களை இது அதிகம் ஏமாற்றும். கொயரியின் வேர் (நிபந்தனை) பகுதியில் ஹெல்த் செக் முகவரியை விலக்கிவிடுங்கள்.

பிப்ரவரி 9, காலை 6.50

புதிய பதிப்பு எழுந்தவுடன் கேஷ் (வேகத்துக்காக விடைகளைச் சேர்த்து வைக்கும் தற்காலிக இடம்) காலியாக இருக்கும், இணைப்புகள் புதிதாகத் திறக்கும், அதனால் முதல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகத்தான் இருக்கும். அதை ஒப்பீட்டில் சேர்ப்பது நியாயமா என்று கேட்டிருந்தார்கள். நேற்று இரவு "நியாயமில்லை, விலக்குங்கள்" என்று எழுதப் போனேன். காலையில் மனம் மாறிவிட்டது. அந்த மூன்று நிமிடத்திலும் மனிதர்கள் காத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு டிப்ளாய் என்றால் பரவாயில்லை. நாளுக்கு பத்து என்றால் அது அரை மணி நேர மெதுவு. தனியாகக் கணக்கிடுங்கள், தூக்கி எறியாதீர்கள்.

பிப்ரவரி 9, இரவு 11.30

இன்று முழுக்க ஒரு பழைய கொயரியோடு மல்லுக்கட்டினேன், அதனால் இது சற்று நீளும்.

புதிய பதிப்பு போய்ச் சேராத சர்வர்கள் எவை என்று கேட்கும் கொயரி. சர்வர் பட்டியலில், "புதிய பதிப்போடு எழுந்த சர்வர்களுக்குள் இல்லாதவை" என்று நாட் இன் போட்டு எழுதியிருந்தது. பல மாதங்களாக வெற்று விடைதான் வந்திருக்கிறது, எல்லா சர்வரும் மாறிவிட்டன என்று எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்திருக்கிறார்கள். இன்று ஒரு சர்வர் பழையதிலேயே நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் அதே வெற்று விடை.

காரணம், எழுந்த பதிவுகளில் ஒரே ஒரு வரியில் சர்வர் பெயர் நல். ஏதோ ஒரு சோதனை ஓட்டத்தில் விழுந்தது. நாட் இன் பட்டியலுக்குள் ஒரு நல் இருந்தால் போதும். "இந்த சர்வர் அந்தப் பட்டியலில் இல்லை" என்பதை எஸ்கியூஎல்லால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தத் தெரியாத பெயர் இதுவாகவே இருக்கலாம். உண்மை, பொய், தெரியாது என்ற மூன்றில் "தெரியாது" என்று வரும், வேர் அதை வெளியே தள்ளிவிடும். ஒரு வரியும் வராது. பிழைச் செய்தியும் வராது.

நாட் எக்ஸிஸ்ட்ஸ் (பொருந்தும் வரி இல்லையா என்று மட்டும் பார்ப்பது) போட்டு மாற்றினேன், அந்த சர்வர் உடனே வந்தது. பெயர்ப் புலத்துக்கு, நல் வரவே கூடாது என்ற நாட் நல் கட்டுப்பாடும் போட்டாயிற்று.

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்டு. லெஃப்ட் ஜாயின் (பொருந்தாவிட்டாலும் இடது டேபிளின் எல்லா வரிகளையும் வைத்திருக்கும் இணைப்பு) செய்துவிட்டு, வலது பக்க டேபிளின் பதிப்புக்கான நிபந்தனையை வேர் பகுதியில் வைப்பது. பொருந்தாத சர்வர்களுக்கு வலது பக்கம் நல் என்று இருக்கும், வேர் அவற்றைத் துரத்திவிடும், லெஃப்ட் ஜாயின் சாதாரண ஜாயினாகிவிடும். காணாமல் போனவற்றைத் தேடத்தான் லெஃப்ட் ஜாயின் போட்டோம், அவைதான் முதலில் காணாமல் போகின்றன. நிபந்தனையை ஆன் பகுதிக்கு (எப்படி இணைப்பது என்று சொல்லும் இடம்) நகர்த்துங்கள்.

முதல் நாள் எழுதிய அதே நோய்தான் இது, வேறு உடுப்பில். அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: எந்தக் கண்காணிப்புக் கொயரியையும் நம்புவதற்கு முன், வேண்டுமென்றே ஒரு சர்வரைப் பழைய பதிப்பில் நிறுத்தி, கொயரி அதைக் காட்டிக்கொடுக்கிறதா என்று பார்க்கிறேன். ஒருமுறையாவது சிவப்பு காட்டாத கொயரியின் பச்சையை நான் ஏற்பதில்லை.

பிப்ரவரி 10, காலை 9.00

இப்போதைய நேரத்தைக் கேட்கும் நௌ என்ற செயல்பாட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: போஸ்ட்கிரெஸில் அது தருவது பரிவர்த்தனை (ஒன்றாக நடந்து முடியும் கட்டளைகளின் தொகுப்பு) தொடங்கிய நேரத்தை. ஒரே பரிவர்த்தனைக்குள் சுற்றிச் சுற்றி "கடைசி ஒரு நிமிடம்" கேட்டால் அந்த நிமிடம் நகரவே நகராது. அந்தந்தக் கணத்தின் நேரத்தைத் தரும் கிளாக்_டைம்ஸ்டாம்ப் பயன்படுத்துங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் பரிவர்த்தனையை முடித்துவிட்டுக் கேளுங்கள். நேரப் புலம் எல்லாம் நேர மண்டலத்தோடு இருக்கட்டும்.

பிப்ரவரி 11, மாலை 5.45

இதுவரை செயலியைப் பற்றியே பேசினோம். டிப்ளாயில் மைக்ரேஷன் (தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் வேலை) இருந்தால் தரவுத்தளத்தையே கவனிக்க வேண்டும், அதற்கும் எஸ்கியூஎல்தான்.

நான் நேரில் பட்டது. ஒரு பெரிய டேபிளில் ஒரு புலம் சேர்க்கும் மைக்ரேஷன். போஸ்ட்கிரெஸ் 11 முதல் மாறா மதிப்பை டிஃபால்டாக வைத்துப் புலம் சேர்த்தால் டேபிளை முழுதாகத் திருப்பி எழுதாது, ஒரு நொடி வேலை. அந்தத் தைரியத்தில் பட்டப்பகலில் ஓட்டினோம். ஆனால் ஒரு நொடி வேலைக்கும், வேறு யாரும் அந்த டேபிளைத் தொட முடியாத முழுப் பூட்டு வேண்டும். அந்த நேரம் பார்த்து யாரோ ஓர் அறிக்கைக் கொயரியைத் திறந்து, பரிவர்த்தனையை முடிக்காமல் விட்டிருந்தார்கள். புலம் சேர்க்கும் எங்கள் ஆல்டர் டேபிள் கட்டளை அதன் பின்னால் காத்து நின்றது. ஆல்டர் டேபிளின் பின்னால், அந்த டேபிளைத் தொட வந்த ஒவ்வொரு சாதாரண செலக்ட்டும் (படிக்கும் கொயரி) காத்து நின்றது. இரண்டு நிமிடத்தில் தளம் முழுதும் உறைந்தது. பிழைக் கணக்கில் அப்போதும் பூஜ்ஜியம், ஏனென்றால் எந்த ரிக்வெஸ்ட்டும் இன்னும் முடியவே இல்லை. முடிந்த பிறகுதானே பதிவு விழும்.

அன்றிலிருந்து மைக்ரேஷனுக்கு முன் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் (யார் இணைந்திருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று போஸ்ட்கிரெஸ் தரும் பட்டியல்) ஐந்து நிமிடத்துக்கு மேலாகத் திறந்திருக்கும் பரிவர்த்தனைகள் உண்டா என்று பார்க்கிறேன், "ஐடில் இன் டிரான்சாக்ஷன்" (திறந்துவிட்டுச் சும்மா இருப்பது) நிலையில் இருப்பவற்றை முக்கியமாக. ஓடும்போது பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று சொல்லிவிடும். மைக்ரேஷன் ஸ்கிரிப்ட்டில் லாக்_டைம்அவுட் (பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) சில விநாடிகள். பூட்டு கிடைக்காவிட்டால் மைக்ரேஷன் தோற்கட்டும், திரும்ப ஓட்டிக்கொள்ளலாம்.

கன்கரன்ட்லி (மற்றவர்கள் எழுதுவதைத் தடுக்காமல்) என்று சொல்லி இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) உருவாக்குகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். அது நடுவில் தோற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று அப்படியே கிடக்கும். எழுதும் ஒவ்வொரு முறையும் அதற்கும் வேலை நடக்கும், படிக்கும்போது பயன்படாது. பிஜி_இன்டெக்ஸில் இன்டிஸ்வேலிட் பொய்யாக இருப்பவை எவை என்று டிப்ளாய்க்குப் பின் ஒரு கேள்வி.

பிப்ரவரி 11, இரவு 8.20

லிக்விபேஸ், ஃபிளைவே போன்ற மைக்ரேஷன் கருவிகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வரி: லிக்விபேஸின் டேட்டாபேஸ்சேஞ்ச்லாக்லாக் டேபிளில் பூட்டு விழுந்தபடியே கிடந்தால், முந்தைய டிப்ளாய் நடுவில் கொல்லப்பட்டிருக்கிறது. அடுத்த டிப்ளாய் காரணம் புரியாமல் காத்துக்கிடக்கும். ஃபிளைவேயில் பார்க்க வேண்டியது ஃபிளைவே_ஸ்கீமா_ஹிஸ்டரி டேபிளின் சக்சஸ் புலம்.

பிப்ரவரி 12, காலை 10.10

தரவுத்தள இணைப்புகளின் கணக்கு. 4 சர்வர், ஒவ்வொன்றும் 20 இணைப்பு, மொத்தம் 80. போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்பு 100, எனவே கவலையில்லை என்று தோன்றும். டிப்ளாயின்போது பழையது மூடும் முன் புதியது திறந்தால், ஒரு சர்வரை மட்டும் மாற்றினாலும் 100 ஆகிவிடும். அந்த 100-இல் 3 சூப்பர்யூசருக்கு (தரவுத்தள நிர்வாகிக்கு) ஒதுக்கியவை. ஆக 97-இல் சுவர். சாதாரண நாளில் ஒருபோதும் வராமல், டிப்ளாய் நேரத்தில் மட்டும் வந்து போகும் பிழை இது. "எப்போதும் டிப்ளாயின்போது நாலைந்து பிழை வரும், விட்டுவிடலாம்" என்று ஒரு குழுவே பழகிப்போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

செயலி இணையும்போது அப்ளிகேஷன்_நேம் என்பதில் சேவைப் பெயரையும் பதிப்பையும் போட்டுவிடுங்கள். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் அதை வைத்து எண்ணினால் பழைய பதிப்பு எத்தனை இணைப்பை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். 63 எழுத்துக்கு மேல் வெட்டப்படும், அதனால் பதிப்பை முன்னால் வையுங்கள்.

பிப்ரவரி 13, இரவு 9.40

பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் பற்றி இரண்டு பேர் கேட்டீர்கள். ஒவ்வொரு கொயரியும் எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓடியது என்று எண்ணும் அருமையான நீட்சி. ஆனால் அதில் இருப்பவை கூடிக்கொண்டே போகும் மொத்தங்கள். இன்றைய டிப்ளாயால் எது மெதுவானது என்று நேரடியாகக் கேட்க முடியாது. டிப்ளாய்க்குச் சற்று முன் முழுதையும் வேறு டேபிளில் நகலெடுத்து வையுங்கள், பின்னர் இன்னொரு நகல், இரண்டுக்கும் வித்தியாசம். ரீசெட் செய்தால் எளிதுதான், ஆனால் அதே கணக்கை நம்பியிருக்கும் வேறு யாருடைய வரலாறோ அழிந்துபோகும்.

இரண்டு பள்ளங்கள். மொத்த நேரப் புலத்தின் பெயர் 13-ஆம் பதிப்பில் டோட்டல்_டைமிலிருந்து டோட்டல்_எக்செக்_டைம் ஆனது, பழைய ஸ்கிரிப்ட்கள் உடையும். 17-ஆம் பதிப்பு வரை, மைக்ரேஷனில் ஒரு டேபிளை அழித்து மறுபடி உருவாக்கினால் அதே எழுத்துள்ள கொயரிக்குக் கூட கொயரி எண் மாறிவிடும், ஜாயின் பொருந்தாது. எனவே ஃபுல் ஜாயின் (இரு பக்கத்திலும் பொருந்தாதவற்றையும் வைத்திருக்கும் இணைப்பு) போட்டு, முன்பு இல்லாமல் புதிதாக வந்தவற்றையும் பாருங்கள். டிப்ளாய்க்குப் பின் முதல்முறையாகத் தலைகாட்டும் கொயரிகளின் பட்டியல்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 1 முறை ஓட வேண்டியது 200 முறை ஓடுவது அங்கேதான் சிக்கும்.

பிப்ரவரி 15, காலை 7.15

இரண்டு நாளாக மனதில் ஓடியது. பிழை எண்ணுவது, நேரம் அளப்பது எல்லாம் செய்தும், ஒரு டிப்ளாய் எங்களை முழுதாகத் தப்பித்துப் போனது. புதிய பயனர்கள் பதிவு செய்யும் படிவத்தின் பொத்தான், ஒரு பாணி மாற்றத்தால், சிறிய திரைகளில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. சர்வர் எல்லாப் பக்கங்களையும் 200-உடன் வேகமாக அனுப்பிக்கொண்டிருந்தது. சொல்லப்போனால் நேரம் கொஞ்சம் குறைந்தே இருந்தது, கடினமான வேலையான பதிவுதான் நடக்கவில்லையே.

அதைக் காட்டியது கடைசியில் ஓர் எளிய கொயரி: 5 நிமிடத்துக்கு எத்தனை புதிய பயனர்கள். இது எந்த ரிக்வெஸ்ட் பதிவு டேபிளும் இல்லை, செயலியின் சொந்த டேபிள். பயனர்கள் எதை முடிக்க வருகிறார்களோ அதை எண்ணுவது. எஸ்கியூஎல் வழியில் போவதன் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். டிப்ளாய், பிழை, உண்மையான பயன் மூன்றும் ஒரே இடத்தில், ஒரே ஜாயினில்.

ஒரு எச்சரிக்கை. 5 நிமிடக் கட்டங்களாகக் குரூப் பை செய்தால், ஒருவருமே பதிவு செய்யாத கட்டம் விடையில் வராது. நாம் தேடுவதே அந்தக் கட்டத்தைத்தான். ஜெனரேட்_சீரீஸ் கொண்டு எல்லாக் கட்டங்களையும் முதலில் உருவாக்கி, அதற்கு லெஃப்ட் ஜாயின். அப்போதுதான் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகத் தெரியும். ஒப்பிடுவது கடந்த வாரத்தின் அதே கிழமை, அதே மணியோடு.

பிப்ரவரி 16, இரவு 10.00

இந்தக் கொயரிகளை ரெப்ளிகாவில் (முதன்மைத் தரவுத்தளத்தைப் பின்தொடரும் நகல்) ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், முதன்மை சர்வருக்குச் சுமை குறையும். ஆனால் டிப்ளாய் நேரத்தில்தான் ரெப்ளிகா பின்தங்கவும் வாய்ப்பு அதிகம், மைக்ரேஷன் ஏகப்பட்ட மாற்றங்களைத் தள்ளும். நான்கு நிமிடம் பின்தங்கிய ரெப்ளிகாவிடம் "கடைசி மூன்று நிமிடத்தில் பிழை உண்டா" என்றால் என்ன சொல்லும்? முதல் நாள் சொன்ன கடைசிப் பதிவு நேரம் இங்கேயும் காப்பாற்றும்.

தரவுத்தளமே விழுந்தால் இந்தக் கொயரிகள் எதுவும் பேசாது. அதற்கு வெளியிலிருந்து முகப்புப் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும் ஏதாவது ஒன்று வேண்டும், அது மட்டும் எஸ்கியூஎல்லாக இருக்க முடியாது. இந்த இடத்தில் விவாதிக்க எனக்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 18, மாலை 6.30

கேள்வி கேட்டவர் புதிய கொயரியின் விடையைப் போட்டிருக்கிறார்: மொத்தம் 40, பிழை 0, கடைசிப் பதிவு 3 விநாடிக்கு முன், எல்லா சர்வரும் புதிய பதிப்பில். "இப்போதாவது போதுமா?" என்கிறார். ஹெல்த் செக்கை விலக்கியதும் 15 நிமிடத்தில் 40தான் மிஞ்சியிருக்கிறது, அதையும் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி.

இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். n முறை பார்த்து ஒரு பிழையும் வராவிட்டால், உண்மையான பிழை விகிதம் ஏறக்குறைய 3/n வரை இருக்கலாம் என்பது 95 சதவீத நம்பிக்கைக்கான தோராய விதி. 40-க்கு அது 7.5 சதவீதம். அதாவது பதின்மூன்றில் ஒருவருக்குப் பிழை வரும் ஒரு பதிப்பு கூட, உங்கள் 40-இல் பூஜ்ஜியம் காட்டியிருக்க முடியும். 1 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்ல 300 ரிக்வெஸ்ட் வேண்டும்.

எனவே கொயரியில் "15 நிமிடம்" என்பதை எடுத்துவிட்டு, டிப்ளாய் டேபிளில் உள்ள முடிந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். மொத்தம் 300-ஐத் தொடும் வரை விடை "சரி" என்று வர வேண்டாம், "இன்னும் தெரியாது" என்றே வரட்டும். உங்கள் கூட்டத்துக்கு அது இரண்டு மணி நேரத்தை நெருங்கும். மாலை 4 மணிக்கு மேல் டிப்ளாய் செய்தால் யாராவது இருந்து பார்க்க வேண்டியிருக்கும், காலையில் செய்வது நல்லது.